தினேஷ் தட்டிய சுவர்

இதைப் படித்து முடிக்கும்வரை டிரில்லைக் கீழே வையுங்கள், தம்பிகளா, தங்கச்சிகளா. அது எங்கேயும் ஓடிவிடாது. பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லி முதலாளி கேட்டார். நல்ல வார்த்தை எனக்கு வராது என்று அவருக்கும் தெரியும். அதனால் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். திருகாணி என்ன அளவு, எந்த பிட் போடுவது, அதெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இல்லாததுதான் என்னிடம் இருக்கிறது.

இருபத்து மூன்று வருடம் நான் வீடுகளில் டிவி மாட்டினேன். எங்கள் ஊர்ப் பக்கம் பாக்கார் ஆராங்கில் வரிசை வரிசையாக இருக்கும் வீடுகளில் என் கை படாத தெரு கிடையாது. சுவரில் காதை வைத்துத் தட்டிப் பார்த்தே, இங்கே வயர் போகிறது, இங்கே தண்ணீர்க் குழாய் போகிறது என்று சொல்லிவிடுவேன். சொன்னது தப்பியதில்லை. அந்தத் திமிரோடுதான் கேரவன் வேலைக்கு வந்து சேர்ந்தேன்.

கேரவன் என்றால் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஓடுகிற வண்டி. அதன் உள்சுவர் இருக்கிறதே, இந்தப் பக்கம் மூன்று மில்லிமீட்டர் பிளைவுட், அந்தப் பக்கம் மூன்று மில்லிமீட்டர் பிளைவுட், நடுவில் வெறும் நுரை. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும். செங்கல் சுவரில் ஒரு ஓட்டை பிசகினால் பக்கத்தில் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். இங்கே அப்படி இல்லை. அது போதாதென்று இந்தச் சுவர் நாள் முழுக்க ரோட்டில் குலுங்கிக்கொண்டே இருக்கிறது.

பரமேஸ்வரி பட்டறைக்கு வந்தது ஒரு புதன்கிழமை. கூலிமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபது வருடமாகத் தரப் பரிசோதனை செய்கிறவர். சிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்திருந்தார். கணவர் மணியம் தொழிற்சாலை பஸ் ஓட்டுநர். இரண்டு பேருமாக ஒரு பழைய கேரவனை வாங்கியிருந்தார்கள். அதில் முப்பத்திரண்டு அங்குல டிவி ஒன்றை, கழிப்பறைக்கும் படுக்கைக்கும் நடுவில் உள்ள சுவரில், படுக்கையின் பக்கம் மாட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பாருவில் மகளுக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை காலை புறப்படுகிறார்கள்.

"கல்யாணத்துக்குப் போறதுக்கு டிவி எதுக்கும்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "என் மகனுக்கு அண்ணே. பத்தொன்பது வயசு. பேச மாட்டான். புது இடம், கூட்டம், சத்தம் எதையும் தாங்க மாட்டான். பட்டர்வொர்த்துலேருந்து பினாங்கு போற ஃபெரி கரைக்கு வர்றத அவங்கப்பா வீடியோ எடுத்து வச்சிருக்காரு. அது ஓடிக்கிட்டே இருந்தா எங்க வேணும்னாலும் இருப்பான். போன்ல போட்டுக் குடுத்தா தூக்கி எறிஞ்சிருவான். டிவில, செவத்துல, எப்பவும் பாக்குற ஒயரத்துல இருக்கணும்."

பிறகு ஒன்று சொன்னார். அந்தக் குடும்பம் நாலு பேராக ஒரு இடத்துக்குப் போய் வருடக்கணக்காகிறதாம். மகள் பட்டம் வாங்கியபோது அம்மா அந்த மகன் தினேஷோடு வீட்டில் இருந்தார், அப்பா மட்டும் போனார். நிச்சயதார்த்தத்துக்கு அம்மா போனார், அப்பா வீட்டில் இருந்தார். கல்யாணத்துக்கு மகள் கேட்டது ஒன்றே ஒன்று. தம்பியும் வர வேண்டும்.

"வருவான். நான் கொண்டுபோயிருவேன்," என்றார் பரமேஸ்வரி. யாரிடமோ சண்டைக்குப் போகிறவர் மாதிரி சொன்னார்.

கிளம்பும்போது வாசலில் நின்று, தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு, "அண்ணே, அவன் செவத்த தட்டுவான். கோவம்னாலும் தட்டுவான், சந்தோசம்னாலும் தட்டுவான். கொஞ்சம் பலமாவே தட்டுவான். மன்னிச்சுக்குங்க," என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தாப்பா மா, பரவால்ல, பிள்ளைங்கன்னா அப்படித்தான் லா," என்றேன். பெரிய மனுஷன் மாதிரி ஆறுதல் சொன்னேன். அட மடையா! அந்த அம்மாள் என்னிடம் மன்னிப்பா கேட்டார்? அந்தச் சுவர் தாங்க வேண்டிய அளவைச் சொல்லிவிட்டுப் போனார். வாங்குகிறவர்கள் நிமிர்ந்து நின்று சொல்வதை எல்லாம் நாம் குறித்துக்கொள்கிறோம், நிறம், அங்குலம், வயர் வெளியே தெரியக்கூடாது என்பது வரைக்கும். அவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு சொல்வதை மட்டும் காதில் வாங்குவதில்லை. இனி அதை முதலில் எழுதுங்கள்.

வியாழக்கிழமை மாட்டினேன். சுவருக்குள் போய்க் குடை மாதிரி விரிந்துகொள்ளும் பிளக் நாலு போட்டேன். அந்த அம்மாளைச் சந்தோஷப்படுத்த, முன்னால் இழுத்துத் திருப்புகிற கை வைத்த தாங்கியைப் போட்டேன். வீட்டில் செய்கிற மாதிரியே இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. மாலையில் பரமேஸ்வரி வந்து, தொழிற்சாலையில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"பாஸா, ரிஜெக்டா அண்ணே?"

"பாஸ்," என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை வழியனுப்ப என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் வண்டி நகர்ந்துவிட வேண்டும். பாக்கார் ஆராங் வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் இருப்பார்கள். வண்டிக்கு மாலை, சந்தனம், நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம். தினேஷை முன்பே உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். அப்போதுதான் அவனை முதன்முதலாகப் பார்த்தேன். நல்ல உயரம், மணியத்தைவிட அகலமான தோள். படுக்கையில் சம்மணம் போட்டு, மூக்கு திரையில் படுகிற தூரத்தில் உட்கார்ந்து படகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணியம் தேங்காயை உடைத்தார். அந்தச் சத்தத்துக்கு உள்ளே தினேஷ் கையை விரித்துச் சுவரில் ஓங்கி ஒரு அறை விட்டான்.

கதவருகில் நின்ற நான் பார்த்தேன். டிவி தலையை ஆட்டியது. இன்னொரு அறை. தாங்கிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கோடு தெரிந்தது. நகம் நுழைகிற இடைவெளி. முந்தின நாள் அது இல்லை.

வேறு யாரும் பார்க்கவில்லை. இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நான் வாயைத் திறக்கவில்லை. ஜொகூர் வரைக்கும் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது, மங்கலமான நேரத்தில் அபசகுனமாக என்ன பேச்சு, வந்த பிறகு சரி பண்ணிக்கொடுக்கலாம் என்றெல்லாம் மனசு வேகவேகமாகக் கணக்குப் போட்டது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் என் வேனுக்குப் போனேன். ஏறி உட்கார்ந்து சாவியையும் போட்டுவிட்டேன்.

பின்னால் எலுமிச்சம்பழம் நசுங்குகிற சத்தம் கேட்டது. வண்டி நகர்ந்துவிட்டது. அந்த நொடியில் எனக்கு அந்தப் பையனின் மூக்குதான் கண்ணில் வந்து நின்றது. டிவி விழுந்தால் தரையில் விழாது, அவன் முகத்தில் விழும்.

இறங்கி ஓடினேன். என் வயதில் ஓடுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். கேரவனுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன். மணியம் பிரேக்கை மிதித்த மிதியில் மாலை அறுந்து விழுந்தது.

"என்னா அண்ணே, வெளையாட்டா? கெளம்புன வண்டிய நிறுத்துறீங்க!" மணியம் ஜன்னல் வழியாகக் கத்தினார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பரமேஸ்வரியைப் பார்த்து, "ரிஜெக்ட்," என்றேன். "நேத்து நான் பாஸ்னு சொன்னது தப்பு. டிவி கழண்டு வருது. அவன் மொகத்துல விழுந்துரும்."

அடுத்த நிமிடம் எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். நேற்றே பார்த்திருக்கக் கூடாதா என்றார் ஒருவர். எலுமிச்சம்பழத்தில் ஏறிய வண்டி வாசலுக்குத் திரும்பக் கூடாது, கல்யாணக் காரியம் என்றார் இன்னொருவர். மணியம் இறங்கி வந்து என் சட்டையைப் பிடிக்காத குறை. "டிவி இல்லாம அவன உக்கார வைக்க முடியாது. வீட்டுக்குள்ள திருப்பவும் முடியாது. இப்ப நான் என்னா செய்ய? நான் பையனோட இருக்கேன், அவ மட்டும் பஸ்ல போகட்டும். எப்பவும் போல!"

அந்த "எப்பவும் போல" என்ற வார்த்தை என்னை அடித்த அடி இருக்கிறதே, அவர் நிஜமாகவே அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பரமேஸ்வரி வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. உள்ளே இருந்தபடியே என்னைக் கேட்டார்.

"எவ்ளோ நேரம் வேணும்?"

"ரெண்டு மணி நேரம். இன்னைக்குப் பட்டறை லீவு, சாமானெல்லாம் மெர்போக்ல என் வீட்டுல இருக்கு."

"அப்ப மெர்போக் போவோம்," என்றார். "தோட்டத்துல என்னா செய்வாங்க? கெளம்ப முடியலன்னா நல்ல நேரத்துல பைய மட்டும் பக்கத்து லயத்து வீட்டுல கொண்டுபோயி வப்பாங்க. பயணம் ஆரம்பிச்சதா கணக்கு. பரஸ்தானம்னு சொல்வாங்க. பைய வச்சாலே பயணம்னா, நாங்க வண்டியோட போறோம். வண்டி கெளம்பிருச்சு, மெர்போக்ல ஒரு எடத்துல நிக்கப்போவுது. அவ்ளோதான்."

"ஜொகூர் தெக்க இருக்கு," என்றார் மணியம்.

"தெரியும். ஏறுங்க."

சொந்தக்காரர்கள் வழிவிட்டார்கள். பத்து மணிக்கு வண்டி நகர்ந்தது, வடக்கே. என் வேனை ஒரு உறவுக்காரர் பின்னால் ஓட்டிவர, நான் கேரவனுக்குள் நின்றுகொண்டு, மெர்போக் போய்ச் சேரும்வரை டிவியை இரண்டு கையாலும் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். தினேஷ் என்னை ஒரு தடவை பார்த்தான். என் விரல் திரையை மறைத்தது பிடிக்கவில்லை போலிருக்கிறது, ஒவ்வொரு விரலாகப் பிரித்து ஓரத்துக்குத் தள்ளி வைத்தான். நான் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். சுவரைச் சரிசெய்ய டிவியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் தினேஷ் தாங்க மாட்டான். டிரில் சத்தத்தையும் தாங்க மாட்டான். என் இருபத்து மூன்று வருட அனுபவத்தில் இதற்குப் பதில் இல்லை. பதில் மணியத்திடம் இருந்தது. அதுவரை என்னை முறைத்துக்கொண்டிருந்த மனுஷன், என் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "குடுங்க," என்றார். டிவியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். வீட்டிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தோம். இரண்டு நிமிடம் கதறிக்கொண்டிருந்த தினேஷ், எதிரில் ஒரு முக்காலியில் வந்து உட்கார்ந்து, அப்பாவின் நெஞ்சில் படகு வருவதைப் பார்க்க ஆரம்பித்தான். உணர்ச்சி மிகும்போது கையை ஓங்கினான். சுவர் இல்லை, அப்பாவின் தோள்தான் இருந்தது. பட்டென்று விழுந்தது அறை.

"ஐயோ, வலிக்கலையா?" என்று என் மனைவி கேட்டாள்.

"நான் தாங்குவேன் அக்கா. அவரு வேலையப் பாக்கட்டும்," என்றார் மணியம்.

என் வீட்டில் கனமான பலகை என்று இருந்தது கட்டில் பலகை மட்டும்தான். அதை உருவினேன். "அப்ப ராத்திரி எங்க படுக்குறதாம்?" என்று என் மனைவி கேட்டாள். அந்தப் பலகையைக் கழிப்பறைப் பக்கம் சுவரின் முழு அகலத்துக்கும் வைத்தேன். தரையிலிருந்து கூரைவரை இரண்டு மரச்சட்டம் நிறுத்தி, பாரம் தரைக்கு இறங்கும்படி செய்தேன். இழுத்துத் திருப்புகிற கையைத் தூக்கி எறிந்துவிட்டு, சுவரோடு ஒட்டி நிற்கிற சாதாரணத் தாங்கியைப் போட்டேன். எல்லாம் கைத் திருப்புளியால். ஆனால் பலகையையும் சுவரையும் துளைத்துக்கொண்டு போகிற போல்ட்டுக்கு நாலு ஓட்டை வேண்டும். அதற்கு டிரில் இல்லாமல் முடியாது.

பரமேஸ்வரி வண்டி வாசற்படிக்கு வந்து நின்றார். "வீடியோவுல ஃபெரி ஊதும். அந்தச் சத்தம் மட்டும் அவனுக்குப் பிடிக்கும். நான் கைய தூக்கும்போது போடுங்க, எறக்குனா நிறுத்திருங்க."

ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு தடவை படகு ஊதியது. அவர் கை மேலே போனதும் டிரில்லை அழுத்தினேன், கீழே வந்ததும் விட்டேன். நாலு ஊதலுக்கு நாலு ஓட்டை. நடுவில் டிரில்லைச் சுவரில் வைத்துக்கொண்டு, அந்த அம்மாளின் கையையே பார்த்தபடி காத்திருந்தேன். என் வாழ்நாளில் ஓட்டை போட அவ்வளவு பொறுமையாக நான் காத்திருந்ததில்லை. அவசரம் தலைக்கு மேல் இருக்கும்போது வேகம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று அந்த நாலு ஓட்டையில்தான் கற்றுக்கொண்டேன்.

தினேஷுக்குச் சாப்பிடுகிற நேரத்தில் மட்டும் டிவி வேண்டாம், இட்லியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து நிதானமாகச் சாப்பிடுவான். என் மனைவி அவனுக்குப் பசியாற இட்லி வைத்தாள், பரமேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த நேரத்துக்குள் டிவியை மாட்டினேன். இந்தத் தடவை இழுத்துப் பார்க்கவில்லை. தினேஷ் உட்கார்கிற இடத்தில் நானே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூக்கைத் திரைக்கு முன்னால் வைத்துக்கொண்டேன். "ஓட்டுங்க," என்றேன். வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே போகிற செம்மண் சடக்கில், குழி ஒன்றையும் விடாமல் மணியம் இரண்டு தடவை ஓட்டினார். பழிவாங்குகிற மாதிரி ஓட்டினார், எனக்கு அது வேண்டியிருந்தது.

வண்டி திரும்பி வந்ததும் மணியம் மகனிடம் போனார், பரமேஸ்வரி ஏறிக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"உக்காந்திருக்கீங்களா அண்ணே?"

"இருக்கேன் மா. தட்டுங்க."

தட்டினார். அம்மாடி! அது தட்டுவது இல்லை. இத்தனை வருடம் பாதிக் குடும்பமாகவே இருந்து, மகள் பட்டம் வாங்கியதைக்கூடப் போனில் பார்த்தவர் அடிக்கிற அடி. கையால் அடித்தார், தோளால் மோதினார், கடைசியில் காலால் உதைத்தார் என்று நினைக்கிறேன். வண்டி ஆடியது, என் பல் ஆடியது. டிவி ஆடவில்லை. சத்தம் நின்ற பிறகு உள்ளே மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. நான் எழுந்திருக்காமல் அப்படியே இருந்தேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். தாங்கிக்கும் சுவருக்கும் நடுவில் நகத்தை நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. நாலு மூலையிலும் பார்த்தார்.

"பாஸா மா?" என்று நான் கேட்டேன். அதைச் சொல்லும் தகுதியை நான் வியாழக்கிழமையே இழந்துவிட்டேன்.

"பாஸ்," என்றார்.

ஒரு மணிக்குத் தெற்கே போனார்கள். மணியம் என்னிடம் நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டிய காரணமும் இல்லை. தோளைத் தேய்த்துக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்தார். நானும் என் மனைவியும் அன்று ராத்திரி தரையில் பாய் விரித்துப் படுத்தோம்.

இரண்டு நாளும் போன் அடித்தாலே பயம். தப்பை ஒத்துக்கொண்டுவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலை தாங்குகிறது என்று தெரியும்வரை லேசாகாது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு படம் வந்தது. கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிறுத்திய கேரவனுக்குள் எடுத்த படம். மண்டபத்துச் சத்தத்துக்குள் தினேஷை அழைத்துப்போக முடியவில்லையாம். தாலி ஏறிய கையோடு பெண் மாலையைக்கூடக் கழற்றாமல் வண்டிக்குள் வந்து, தம்பி பக்கத்தில் படுக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் இடிபட்டுக்கொண்டு அப்பாவும் அம்மாவும். தினேஷ் யாரையும் பார்க்கவில்லை, கையை விரித்துச் சுவரில் ஓங்கியிருந்தான். கோபமா, சந்தோஷமா என்று படத்தில் தெரியவில்லை.

என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "பொண்ணு எவ்ளோ அழகா இருக்கு பாருங்க," என்றாள். நான் படத்தைப் பெரிதாக்கித் தாங்கியின் நாலு மூலையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பெண்ணைப் பார்த்தேன்.